ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம்

பூவிழிக்கு எழுத்து வேண்டாம் என்று அவள் பிறந்த வாரமே முடிவாகிவிட்டது. அதே பிரசவத்தில் அவளுக்குச் சற்று முன்னால் பிறந்த கனலிக்கு எழுத்து உண்டு என்றும் முடிவாகிவிட்டது.

வாசிப்புக் கணிப்புத் திட்டம் வந்து அப்போது சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்து அனுப்பினால் போதும். மரபணுவில் இருக்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வேறுபாடுகளைக் கூட்டிப் பார்த்து, இந்தக் குழந்தைக்கு வாசிப்பு எளிதாக வருமா, சிரமப்படுமா என்று ஆய்வுக்கூடம் சொல்லிவிடும். எளிதாக வரும் என்றால் எழுத்துப் பள்ளி. சிரமப்படும் என்றால் செவிப் பள்ளி. செவிப் பள்ளியில் புத்தகம் கிடையாது, பலகை கிடையாது, தேர்வுத்தாள் கிடையாது. கணக்கு, வரலாறு, அறிவியல் எல்லாம் காதில் மாட்டிக்கொள்ளும் செவிமணி வழியாகத்தான். பதிலையும் வாயால் சொன்னால் போதும்.

கோயமுத்தூர் மருத்துவமனையில் முடிவைச் சொல்ல வந்தவர் டாக்டர் மெய்யம்மை. காரைக்குடிக்காரர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு குழந்தைகளையும் மாறி மாறித் தூக்கிக் கொஞ்சிவிட்டுத்தான் பேச்சையே எடுத்தார்.

"ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதானுங்க டாக்டர். அதெப்படி ஆளுக்கொரு மாதிரி?" என்று கேட்டாள் இளவேனி.

"இவங்க ஒரே முட்டை ரெண்டாப் பிரிஞ்சு பிறந்தவங்க இல்லம்மா. சாதாரண அக்கா தங்கச்சி மாதிரிதான். அம்மாகிட்டப் பாதி, அப்பாகிட்டப் பாதி வாங்கியிருக்காங்க. எந்தப் பாதிங்கிறது ஆளுக்கு ஆள் மாறும்."

சுவரோரம் நின்றிருந்த அவள் கணவன் சிபி, குற்றம் தன்னுடையது என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டான். "என்ற பக்கத்துல இருந்து வந்திருக்குமுங்க" என்றான்.

சிபி மோட்டார் பட்டறையில் செப்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுபவன். கையில் வேலை அப்படிச் சுத்தமாக இருக்கும். ஆனால் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால்கூடப் பையில் வைத்துக்கொண்டு, பிறகு படிக்கிறேன் என்பான். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிக்கச் சொன்ன நாட்களையும் வகுப்பே சிரித்த சிரிப்பையும் அவன் இளவேனியிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருந்தான்.

"எவ்வளவு சிரமமா வருமுங்க?" என்று இளவேனி கேட்டாள்.

"அதைச் சொல்றதில்லம்மா. நம்பரைச் சொன்னா, பெத்தவங்க பிள்ளையைப் பார்க்காம நம்பரையே பார்த்துட்டு இருப்பாங்க. ஒண்ணு மட்டும் செய்யுங்க. வீட்டுலயும் அவ கண்ணுல எழுத்துப் படாமப் பார்த்துக்கோங்க. தெரியாத ஒண்ணுக்கு ஏக்கம் வராது."

"அதுவே நல்லதுங்க" என்றான் சிபி. "என்னையாட்டம் நாலு பேரு முன்னால நின்னு அழ வேண்டாம்."

இளவேனியின் மனசுக்கு அது ஒப்பவில்லை. ஆனாலும் தலையாட்டினாள். டாக்டர் நல்லவராகவே இருந்தார். சொன்னதும் நல்லதாகவே பட்டது.

வடவள்ளியில் அவர்கள் வீடு. இளவேனி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க எழுத்தோடு பழகிவிட்டு வந்து, வீட்டில் எழுத்தை ஒளிக்கிற வேலை. நாள்காட்டியைக் கழற்றினாள். டப்பாக்களின் மேலிருந்த காகிதங்களை உரித்தாள். தொலைக்காட்சியில் கீழே ஓடும் வரிகளை நிறுத்தி வைத்தாள். எழுத்துப் பள்ளிக்குப் போக ஆரம்பித்த கனலி முதல் முறையாகப் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தங்கையிடம் ஓடியபோது, பாதி வழியில் மறித்து, "உள்ளார போய்ப் படி கண்ணு, பூவி முன்னால வேண்டாம்" என்றாள்.

"ஏம்மா?"

"அவளுக்கு வராது. பார்த்தா வருத்தப்படுவா."

கனலி கெட்டிக்காரி. அதற்குப் பிறகு மறுபடி கேட்கவில்லை. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கப் பழகினாள். வெளியே யாராவது வந்தால் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைப்பாள், திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி. நாளடைவில் புத்தகம் என்றாலே அவளுக்கு முகம் சுருங்கிவிடும்.

பூவிழி சந்தோஷமாகத்தான் வளர்ந்தாள். அதைச் சொல்லியாக வேண்டும். செவிப் பள்ளி ஆசிரியர்கள் அன்பானவர்கள். அவள் பெரிய பெரிய கதைகளைக் கேட்டு வந்து, ஒரு சொல் பிசகாமல் அப்பாவிடம் சொல்வாள். மனக்கணக்கில் கனலியை முந்துவாள். தெருவில் போகும்போது கடைப் பலகைகளைப் பார்த்து, "இந்தப் படமெல்லாம் யாரும்மா வரையறாங்க?" என்று ஒருமுறை கேட்டாள். இளவேனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாரோ வரையறாங்க சாமி" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

இருவரும் மூன்றாம் வகுப்புப் படித்த ஆண்டு, ஐப்பசியில் அந்தப் புயல் வந்தது.

காலையில் தூறலாக இருந்தது, மதியத்துக்குள் மரங்களைச் சாய்த்தது. பள்ளிகளைச் சீக்கிரமே விட்டார்கள். அதற்குள் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் விழுந்து, ஊர் முழுக்கச் செவிமணிகள் ஊமையாகிவிட்டன. பேருந்துகள் தாமாகவே ஓடுபவை. ஓட்டுநரும் இல்லை, நடத்துநரும் இல்லை. எந்தப் பேருந்து எங்கே போகிறது என்பதை முகப்புப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். செவிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செவிமணி அதைக் காதில் சொல்லிவிடும். அன்றைக்குச் சொல்லவில்லை.

கனலி பலகையைப் படித்து, பேருந்து ஏறி, நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்துவிட்டாள். பூவிழி வரவில்லை.

இளவேனியும் சிபியும் வண்டியை எடுத்துக்கொண்டு காந்திபுரம் பேருந்து நிலையத்துக்குப் போனார்கள். அங்கே கண்ட காட்சியை இளவேனி பிறகு யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கூரைக்குக் கீழே செவிப் பள்ளிச் சீருடையில் ஏராளமான குழந்தைகள் நின்றிருந்தார்கள். எல்லோரும் காதைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பேருந்து வரும், அத்தனை பேரும் அதை நிமிர்ந்து பார்ப்பார்கள், யாரும் ஏறமாட்டார்கள். அது போய்விடும். அழுதவர்கள் சிலர்தான். மற்றவர்கள் காத்திருந்தார்கள், இப்போது குரல் வந்துவிடும் என்று.

அந்தக் கூட்டத்தில் பூவிழி இல்லை.

காவல் சாவடியில் வயர்லெஸ் மட்டும் வேலை செய்தது. எங்கெங்கோ கேட்டுப் பார்த்து, பொழுது சாய்கிற நேரத்தில், பொள்ளாச்சிப் பேருந்து நிலையத்தில் ஒரு பெண் குழந்தை இருப்பதாகத் தகவல் வந்தது. மழையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஒரு டீக்கடையில் துண்டைப் போர்த்திக்கொண்டு பூவிழி உட்கார்ந்திருந்தாள். கடைக்கார அம்மா சூடாகப் பால் கொடுத்திருந்தார். அம்மாவைக் கண்டதும் அவள் ஓடிவரவில்லை. இருந்த இடத்திலேயே நடுங்கினாள்.

வீட்டுக்கு வந்து, தலை துவட்டி, சோறு ஊட்டும்போதுதான் பேசினாள்.

"செவிமணி பேசலம்மா. ஒரு அக்காகிட்ட, வடவள்ளி பஸ் எதுங்கன்னு கேட்டேன். 'அதா போட்டிருக்கு பாரு கண்ணு'ன்னு கையக் காட்டிட்டு ஓடிட்டாங்க. எல்லாரும் மேல பார்த்தாங்க. நானும் பார்த்தேன். அவங்களுக்கு என்னமோ தெரிஞ்சுது. எனக்கு ஒண்ணும் தெரியல."

"அப்பறம்?"

"நிறையப் பேரு ஒரு பஸ்ல ஏறினாங்க. நானும் ஏறிட்டேன்."

சிறிது நேரம் கழித்து அவளே கேட்டாள். "அந்தப் படமெல்லாம் பேசுமாம்மா? எனக்கு மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்குது?"

இளவேனி பதில் சொல்வதற்குள் வாசல்படியில் நின்றிருந்த கனலி கத்தினாள். "நான் சொல்லிக் குடுத்திருப்பேன்! நீங்கதான் வேண்டான்னீங்க. நீங்க ரெண்டு பேரும்தான்!" அப்படியே உட்கார்ந்து, தொலைந்துபோனவள் தானே என்பதுபோல் ஓவென்று அழுதாள்.

வெயில் தலைகாட்டியதும் இளவேனி டாக்டர் மெய்யம்மையைத் தேடிப் போனாள். டாக்டர் இப்போது திட்டத்தின் மண்டல அலுவலகத்தில் இருந்தார். முடி நரைத்திருந்தது. புயலன்று எத்தனை பிள்ளைகள் திண்டாடினார்கள் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

"பாப்பா எப்படிம்மா இருக்கா?"

"வெளியில வரப் பயப்படறாளுங்க. டாக்டர், ஒண்ணு கேக்கணும். என்ற புள்ளைக்கு ஏன் படிக்கத் தெரியல?"

"அன்னைக்கே சொன்னேனேம்மா, கணிப்புல..."

"நீங்க சொன்னது சிரமமா வரும்னு. இப்ப அவளுக்குச் சுத்தமா வரல. தன்ற பேரைப் பார்த்தாக்கூடத் தெரியாது. சிரமமா வர்றதும் வராததும் ஒண்ணுங்களா?"

மெய்யம்மை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இல்லம்மா. ஒண்ணு இல்ல. கேட்டுட்டீங்க, சொல்றேன். பிள்ளைகளுக்குள்ள வாசிப்புல இருக்கிற வித்தியாசத்துல பாதிக்கு மேல மரபணுவால வருதுன்னு ஆராய்ச்சியில பார்த்தோம். அது பொய்யில்ல. ஆனா அந்த ஆராய்ச்சியில இருந்த பிள்ளைகள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரி வகுப்புல உட்கார்ந்தவங்க. எல்லாருக்கும் எழுத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தாங்க. சூழல் ஒண்ணா இருந்தா, மிச்சமிருக்கிற வித்தியாசம் மரபணுவோடதாத்தானே தெரியும்?"

"சரிங்க."

"நாங்க அந்தக் கணக்கை எடுத்து, அதை வச்சே வகுப்பை ரெண்டாப் பிரிச்சோம். பிரிச்ச பிறகு அந்தக் கணக்குக்கு அர்த்தமே மாறிப்போச்சு. ஒருத்திக்குத் தினமும் எழுத்து. இன்னொருத்திக்கு எழுத்தே இல்ல."

"அப்ப இன்னைக்கு என்ற ரெண்டு புள்ளைகளுக்கும் நடுவுல இருக்கறது?"

"பெரும்பாலும் நாம கட்டின சுவர்ம்மா."

வெளியே யாரோ நாற்காலிகளை இழுத்துப்போடும் சத்தம் கேட்டது.

"அன்னைக்கு நம்பரைச் சொல்ல மாட்டேன்னீங்க. இப்பவும் நம்பர் வேண்டாம். எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சில உட்கார வச்சு, ஒரே மாதிரி சொல்லிக் குடுத்திருந்தா, பூவிழி எவ்வளவு பின்னால இருந்திருப்பா?"

மெய்யம்மை திரையைத் திருப்பினார். தட்டினார். படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"எங்கேயாவது ஒரு கோடு போட்டாகணும். கனலி கோட்டுக்குக் கொஞ்சம் மேல. பூவிழி கொஞ்சம் கீழ" என்று மெதுவாக ஆரம்பித்தார். "சின்னப் பிள்ளைங்க கதைப் புத்தகத்துல ஒரு பக்கம்னு வச்சுக்கோங்க. கனலி ரெண்டு நிமிஷத்துல படிச்சு முடிச்சா, பூவிழிக்கு மூணு நிமிஷம் ஆகியிருக்கும். சராசரியாத்தான் சொல்றேன்."

"மூணு நிமிசம்."

"ஆமா."

"அப்ப ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிசம்."

"ஆமாம்மா."

"அந்த ஒரு நிமிசத்துக்காகவா டாக்டர் என்ற புள்ளை அந்தப் பலகைக்குக் கீழ நின்னா?"

மெய்யம்மை அவளை நேராகப் பார்க்கவில்லை. "எனக்கு ஒரு தம்பி உண்டு. வள்ளியப்பன். படிக்கச் சொல்லி அடிப்பாங்க. வகுப்பு சிரிக்கும். எட்டாவதோட நின்னுட்டான். எழுத்தையே எடுத்துட்டா அந்த அவமானத்தையும் எடுத்துடலாம்னு நினைச்சேன். திட்டம் வந்தப்ப அவன்கிட்டத்தான் முதல்ல சொன்னேன். 'அடிக்காம, மெதுவா யாராவது சொல்லிக் குடுத்திருந்தா நானும் படிச்சிருப்பேன்ல அக்கா?'ன்னு கேட்டான். பேச்சை மாத்திட்டேன்."

கோபத்தோடுதான் இளவேனி வந்திருந்தாள். இப்போது அது எங்கே போனது என்று தெரியவில்லை. சிபி அவளிடம் ஒரே ஒரு முறை சொன்னதையே இந்த அம்மாவும் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

"எழுத்துப் பள்ளிக்கு மாத்திக் குடுங்க."

"விதியில இடம் இல்ல. எழுதிப் போடுறேன், ஆனா நாளாகும். அதோட, இப்பப் போய் மூணாம் வகுப்புல உட்கார வச்சா நொந்துபோயிடுவா. வீட்டுல ஆரம்பிங்க. இன்னொண்ணும் சொல்லிடுறேன். இனிமே அது ஒரு நிமிஷமா இருக்காது. போன வருஷங்களும் சேர்ந்து உட்கார்ந்துக்கும். பொறுமை வேணும்."

வீட்டில் முதலில் மறுத்தது சிபிதான்.

"அவ அழுவா, இளவேனி. அந்த அழுகை எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"பொள்ளாச்சியில நடுங்குனாளே, அது?"

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். வெகுநேரம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு வாரம் போல இளவேனி பூவிழியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள். அ, ஆ என்று கற்றது அடுத்த நாள் காணாமல் போகும். 'ப' என்று காட்டினால் 'ம' என்பாள். கனலி உதவிக்கு வந்தால் கையைத் தட்டிவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிலேட்டுப் பலகையைத் தூக்கி எறிந்துவிட்டு, "எனக்கு வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க!" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

இளவேனி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அப்போது சிபி அலமாரிக்குள் ஒளித்து வைத்திருந்த ஒரு மருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து, பூவிழியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். டப்பாவை முகத்தருகே பிடித்தான். இத்தனை வருடத்தில் பிள்ளைகள் முன்னால் அவன் எதையும் படித்ததில்லை.

"கு... குழந்... குழந்தை... கள்" என்றான். விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டான். நெற்றியில் வியர்த்துவிட்டது. "கைக்கு... எட்... எட்டா... எட்டாத... இட... இடத்தில்... வை... வைக்கவும்."

வீடு அமைதியாக இருந்தது. பூவிழி மெல்லத் திரும்பினாள்.

"நீங்களும் மெதுவாத்தான் படிப்பீங்களாப்பா?"

"ஆமா கண்ணு. மெதுவாத்தான்."

"யாராச்சும் சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"இப்ப யாரும் சிரிக்கலையே."

சிபி தலையை உயர்த்திக் கனலியைப் பார்த்தான், பிறகு இளவேனியைப் பார்த்தான். "ஆமா. யாரும் சிரிக்கல" என்றான்.

பூவிழி டப்பாவை அவன் கையிலிருந்து வாங்கினாள். "இதுல 'கு' எதுப்பா?"

அன்றிலிருந்து அப்பாவும் மகளும் ஒன்றாகப் படித்தார்கள். இருவரும் சேர்ந்து தடுக்கினார்கள், சேர்ந்து கோபித்துக்கொண்டார்கள், சில மாலைகளில் ஒன்றும் நடக்காது. கனலி கொஞ்சம் கொஞ்சமாகக் குளியலறையிலிருந்து புத்தகத்தைக் கூடத்துக்குக் கொண்டுவந்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை என்று கண்டதும் அங்கேயே காலை நீட்டிப் படுத்துக்கொண்டு படித்தாள்.

மெய்யம்மையும் சும்மா இருக்கவில்லை. அந்த ஒரு நிமிடக் கணக்கைக் கேட்ட பெற்றோர்களுக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். சிலர் பிள்ளைகளுக்கு அரை நிமிடம். சிலருக்கு நாலு, ஐந்து நிமிடம். மிகச் சிலருக்கு அதைவிட நிறைய. விதியை மீறியதற்காக அவரை ராமநாதபுரத்துக்கு மாற்றினார்கள். அங்கும் போய்ச் சொன்னார். கேட்கும் பெற்றோர்கள் பெருகியபோது, செவிப் பள்ளிகளில் எழுத்தும் சொல்லித்தரலாம் என்று ஓர் ஆணை வந்தது. திட்டத்தை எடுத்துவிட்டதாக யாரும் அறிவிக்கவில்லை. பலகைகள் மட்டும் வகுப்புகளுக்குள் ஒவ்வொன்றாக வந்தன.

அதற்குப் பிறகு வந்த கோடை விடுமுறையில் ஒருநாள் இளவேனி கடையிலிருந்து திரும்பியபோது, இரண்டு பெண்களும் கூடத்தில் குப்புறப் படுத்து ஒரே புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். யானை ஒன்று ஊர்ச் சந்தையில் வழி தவறிப்போகும் கதை. கனலி எப்போதோ படித்து முடித்துவிட்டாள். பக்கத்தின் முனையை விரலில் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள், கால்களை ஆட்டினாள்.

"முடிச்சிட்டியா?"

"இல்ல."

பூவிழியின் உதடுகள் அசைந்தன. ஒரு சொல்லில் மோதி நின்றாள். பின்னால் போய் மறுபடி வந்தாள். இந்த முறை தாண்டிவிட்டாள். சமையலறை வாசலில் நின்ற இளவேனி மனதுக்குள் நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். வித்தியாசம் ஒரு நிமிடம் இல்லை. டாக்டர் சொன்னதுபோல், அதைவிட வெகு அதிகம்.

"இப்ப?"

"இரு."

கடைசி வரிக்கு விரல் வந்து நின்றது. பூவிழி பெருமூச்சு விட்டாள். கனலி பக்கத்தைத் திருப்பப் போனாள். பூவிழி உள்ளங்கையை வைத்து அழுத்திவிட்டாள்.

"திருப்பாத. இன்னொருக்கா படிக்கறேன். நல்லாருக்கு."

கனலி புத்தகத்தைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். "எங்க நல்லாருக்கு?" என்று கேட்டாள். பிறகு தானும் முதல் வரியிலிருந்து, இந்தத் தடவை மெதுவாக, படிக்க ஆரம்பித்தாள்.